கடைசி பஸ் போன பிறகு யாருக்காக இந்த ஸ்டேடியம்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோவை ஒண்டிப்புதூரில் சர்வதேச கிரிக்கெட் ஸ்டேடியம், தொகுதிக்கு ஒரு மினி ஸ்டேடியம், கேரளத்தில் நெடும்பாசேரி பக்கம் இன்னொரு பெரிய கிரிக்கெட் மைதானம் என்று வரிசையாகச் செய்தி படிக்கிறேன். சந்தோஷம்தான், வரட்டும். ஆனால் ஒவ்வொரு செய்தியிலும் எத்தனை ஆயிரம் பேர் உட்காரலாம் என்று பெரிய எழுத்தில் போடுகிறார்கள். அத்தனை ஆயிரம் பேரும் மேட்ச் முடிந்து ராத்திரி பதினோரு மணிக்கு எப்படி வீடு போய்ச் சேருவார்கள் என்று ஒருவரும் ஒரு வரி எழுதக் காணோம். அதற்காகத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குக் களியக்காவிளையில் சின்னதாக ஒரு எலக்ட்ரிக்கல் கடை. கடையிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் இஞ்சிவிளை, அது கேரளா. எங்களுக்குச் சேப்பாக்கம் என்பது 700 கிலோமீட்டருக்கு மேல், டிவியில் பார்க்கிற ஊர். திருவனந்தபுரமோ 30 சொச்சம் கிலோமீட்டர். அதனால் பெரிய மேட்ச் என்றால் எங்கள் ஊர்க்காரர்கள் வடக்கே பார்த்துத்தான் பஸ் ஏறுவார்கள், மாநிலம் எதுவானால் என்ன.

நான் முதலில் பார்த்த இன்டர்நேஷனல் மேட்ச் 1988 ஜனவரி 25, திருவனந்தபுரம் பாளையத்தில் இருக்கிற யுனிவர்சிட்டி ஸ்டேடியத்தில். எனக்கு அப்போது பதினொரு வயது. அப்பா விடிவதற்கு முன்னாலேயே எழுப்பி, அம்மா வாழை இலையில் கட்டிக் கொடுத்த பொதிச்சோறைத் தூக்கிக்கொண்டு, கேரளா பஸ்ஸில் திருவனந்தபுரம் பஸ் ஸ்டாண்ட் இருக்கிற தம்பானூர் போய் இறங்கி அங்கிருந்து நடந்தே போனோம். நாங்கள் உட்கார்ந்த பக்கம் வெறும் சிமெண்ட் படி. கூரை இல்லை, நாற்காலி இல்லை, சாயங்காலம் பார்த்தால் என் மூக்குத் தோல் உரிந்திருந்தது. ஸ்ரீகாந்த் 101 அடித்தார். ரிச்சர்ட்ஸின் வெஸ்ட் இண்டீஸ் ஒரே ஒரு விக்கெட்டை விட்டுக்கொடுத்து அதைத் தாண்டிப் போய்விட்டது. தோற்ற துக்கத்தோடு நடந்து வந்து, தம்பானூரில் ஒரு நாரங்கா வெள்ளம் (எலுமிச்சை ஜூஸ்) குடித்துவிட்டு பஸ் ஏறினோம், ராத்திரிச் சோற்றுக்கு வீட்டில் இருந்தோம். இந்தக் கடைசி வரியை மட்டும் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கப்புறம் 29 வருடம் திருவனந்தபுரத்தில் இன்டர்நேஷனல் கிரிக்கெட்டே இல்லை. 2015 தேசிய விளையாட்டுப் போட்டிக்காகக் காரியவட்டத்தில், கேரளப் பல்கலைக்கழகத்து நிலத்தில், கிரீன்ஃபீல்ட் ஸ்டேடியம் வந்தது. நல்ல ஸ்டேடியம், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. எங்கே உட்கார்ந்தாலும் ஆட்டம் தெரியும், ஆளுக்கொரு நாற்காலி, ராத்திரியைப் பகலாக்குகிற விளக்கு. நான் விளக்கு விற்கிறவன், அந்த விளக்குக் கம்பங்களையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன், பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

2017 நவம்பர் 7, நியூஸிலாந்தோடு டி20. மழை விடவே இல்லை. ஒன்பதரை மணி வாக்கில்தான் ஆட்டத்தையே ஆரம்பித்தார்கள், பக்கத்துக்கு 8 ஓவர், இந்தியா 6 ரன்னில் ஜெயித்தது. மழையில் நனைந்துகொண்டு ஜனம் அப்படியே இருந்தது, ஒருத்தர் எழுந்து போகவில்லை. 29 வருடப் பசி. மேட்ச் முடிந்து வெளியே வந்த பிறகுதான் வேடிக்கை. காரியவட்டம் என்பது தம்பானூர் இல்லை, அங்கிருந்து இன்னும் ஒரு 15 கிலோமீட்டர் வடக்கே. நாங்கள் ஐந்து பேர் தெற்கே போக வேண்டியவர்கள். எங்கள் பக்கம் போகிற வண்டி ஒன்றையும் காணவில்லை. ஒரு தூரம் நடந்து, ஒரு தூரம் ஆட்டோ, அப்புறம் மீன் ஏற்றிப் போகிற காலி டெம்போ ஒன்றில் தொற்றிக்கொண்டு வந்து இறங்கும்போது மணி மூன்று. மீன் வாடையோடு கதவைத் தட்டினால் வீட்டில் என்ன வரவேற்பு கிடைத்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. கூட வந்த மச்சான் சொன்னான், "லே மக்கா, எட்டு ஓவர் மேட்சுக்கு எட்டு மணி நேரம் யாத்திரையா, இனி என்னைக் கூப்பிடாதே." அவன் அதற்கப்புறம் இன்றுவரை ஸ்டேடியத்துக்கு வந்ததில்லை. விஷயமே இவ்வளவுதான் சார். ஸ்டேடியம் புதுசாக இருக்கிற ருசியில் முதல் தடவை எல்லோரும் வருவோம். இரண்டாவது தடவை வரலாமா வேண்டாமா என்று முடிவு செய்வது கூரையும் நாற்காலியும் இல்லை, முதல் தடவை வீடு திரும்பிய லட்சணம்.

அடுத்த வருடம் நவம்பர் 1, வெஸ்ட் இண்டீஸோடு ஒருநாள் ஆட்டம். கேரளாக்காரர்களுக்குக் கேரளப் பிறவி தினம், அதாவது மாநிலம் உருவான நாள், எங்களுக்குக் குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த தினம். வெஸ்ட் இண்டீஸ் 104க்கு ஆல் அவுட், இரண்டு அணியும் சேர்ந்து 47 ஓவர்கூட ஆடவில்லை. 1988இல் எங்களைப் போட்டுச் சாத்திய அணியா இது என்று இருந்தது. காசு கொடுத்து வந்தவனுக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல்தான், ஆனால் ஒரு லாபம், அன்றைக்கு நிம்மதியாக பஸ் கிடைத்தது!

சரி, 2023 ஜனவரி 15க்கு வருகிறேன். இலங்கையோடு ஒருநாள் ஆட்டம். கோலி 166 நாட் அவுட், கில் 116, இந்தியா 390, இலங்கை 73க்குச் சுருண்டது. 317 ரன் வித்தியாசம், ஒருநாள் கிரிக்கெட்டில் ரன் கணக்கில் அவ்வளவு பெரிய வெற்றி அதுவரை யாருக்கும் கிடைத்ததில்லை. அதைக் கண்ணால் பார்க்க ஸ்டேடியத்தில் பாதி ஆள்கூட இல்லை. டிவியில் காலி நாற்காலிகளைப் பார்த்துவிட்டு, ஒருநாள் கிரிக்கெட் செத்துக்கொண்டிருக்கிறதா என்று யுவராஜ் சிங்கே கேட்டார். இத்தனைக்கும் மூன்றரை மாதத்துக்கு முன்னால், 2022 செப்டம்பரில், தென்னாப்பிரிக்காவோடு டி20 ஆடியபோது அதே ஸ்டேடியம் நிறைந்திருந்தது. அதே கூரை, அதே நாற்காலி, அதே விளக்கு.

ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். தொடரை இந்தியா ஏற்கெனவே 2-0 என்று ஜெயித்துவிட்டது, சபரிமலை சீசன், உள்ளூர்க்காரர் சஞ்சு சாம்சன் அணியில் இல்லை. எல்லாம் சரிதான். டிக்கெட் 1000, 2000, அதற்கு மேல் ஜிஎஸ்டி, அது போக 5 சதவீதமாக இருந்த கேளிக்கை வரியை 12 ஆக்கிவிட்டார்கள். விலையைப் பற்றிக் கேட்டால், பட்டினி கிடக்கிறவர்கள் மேட்ச் பார்க்க வர வேண்டாம் என்கிற பாணியில் அமைச்சரே பேசி அது பெரிய ரகளையானது. ஆனால் எங்கள் பக்கத்துக் காரணம் ஒன்று இருக்கிறது, அதை எந்தச் சேனலும் பெரிதாகச் சொல்லவில்லை. அன்றைக்குப் பொங்கல். நாகர்கோவில், மார்த்தாண்டம், களியக்காவிளைப் பக்கமிருந்து வருகிற கூட்டத்துக்குப் பொங்கலன்று மத்தியானம் ஒன்றரை மணி மேட்ச் வைத்தால் யார் வருவார்கள்? என் மகன் மட்டும் காலையிலிருந்து நச்சரித்தான், "போலாம்பா, ஆயிரம் ரூபாதானே." நாலு பேர் போனால் வரியோடு ஐயாயிரத்தைத் தாண்டும் மக்களே, போக வர வண்டிக்கூலி தனி என்றேன். போகவில்லை. பொங்கல் சாப்பிட்டுவிட்டு சோபாவில் சாய்ந்து கோலியின் ஒவ்வொரு சிக்ஸரையும் மூன்று மூன்று தடவை பார்த்தோம். என்னையே கேட்டுப் பார்த்தேன், மனசு சங்கடப்பட்டதா என்று. இல்லை. இதுதான் எனக்கே பயமாக இருக்கிறது.

இது நம் ஊர் வியாதி மட்டும் என்று நினைக்க வேண்டாம். அகமதாபாத்தில் 1,32,000 பேர் உட்காரலாம். 2022 ஐபிஎல் பைனலுக்கு ஒரு லட்சம் பேருக்கு மேல் வந்து கின்னஸில் எல்லாம் ஏறியது. அடுத்த வருடம் அதே மைதானத்தில் உலகக் கோப்பையின் முதல் ஆட்டம், இங்கிலாந்தும் நியூஸிலாந்தும், டிவியில் பார்த்தால் கடல் மாதிரி காலி நாற்காலி. நாக்பூரில் ஊருக்குள் இருந்த மைதானத்தை விட்டுவிட்டு 2008இல் ஜாம்தாவுக்குப் போனார்கள், ஊரை விட்டு வெளியே, நெடுஞ்சாலை ஓரம். டெஸ்ட் மேட்ச் பார்க்கிறவன் வேலைக்கு நடுவே ஒரு செஷன் எட்டிப் பார்க்கிறவன் சார், அவனைப் போய் நெடுஞ்சாலைக்கு வா என்றால்? அங்கே டெஸ்டுக்குக் கூட்டம் சேராததில் என்ன ஆச்சரியம். டெஸ்டுக்கென்று ஐந்து ஊர்களை நிரந்தரமாக வைத்துக்கொள்ளலாம் என்று 2019இல் கோலி சொன்னது ஞாபகம் இருக்கும். அவர் ஊர்களின் பழக்கத்தை வைத்துச் சொன்னார், நான் பஸ் ஸ்டாண்டை வைத்துச் சொல்கிறேன்.

கனடாவில் டொரொன்டோ பேஸ்பால் அணிக்கு 1989இல் கூரை திறந்து மூடுகிற ஸ்டேடியம் கட்டினார்கள், உலகமே வாய் பிளந்தது. 1991இல் ஒரே சீசனில் 40 லட்சம் பேர் வந்தார்கள். 2002இல் அதில் பாதிகூட இல்லை. நடுவே வேலைநிறுத்தம், அணி சரிந்தது எல்லாம் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் புதுப் பெண்டாட்டி மோகம் மாதிரி புது ஸ்டேடிய மோகமும் சில வருடத்தில் தெளிந்துவிடும் என்பது அங்கே தெரிந்த விஷயம், அதைக் கணக்குப் போட்டு ஆராய்ச்சியே செய்கிறார்கள்.

எனக்குப் பிடித்த கதை இத்தாலியில் யுவென்டஸ் என்கிற கால்பந்து கிளப்பின் கதை. 1990 உலகக் கோப்பைக்காக டூரின் நகரில் டெல்லே ஆல்பி என்று 69,000 பேர் கொள்ளுகிற ஸ்டேடியம் கட்டினார்கள். ஓட்டப்பந்தயப் பாதை ஒன்று நடுவே, ரசிகன் எங்கோ உட்கார்ந்திருக்கிறான், பந்து எங்கோ ஓடுகிறது. 2001-02 சீசனில் ஒரு கோப்பை ஆட்டத்துக்கு வந்தவர்கள் 237 பேர். எங்கள் ஊரில் ஒரு கல்யாண நிச்சயத்துக்கு இதைவிடக் கூட்டம் வரும். அதை இடித்துவிட்டு அதே இடத்தில் 2011இல் 41,000 பேருக்கு மட்டும் புதுசு கட்டினார்கள், ஆடுகளத்தை ஒட்டியே நாற்காலி. நிறைந்தது. அப்போது அணியும் வருடா வருடம் பட்டம் ஜெயித்துக்கொண்டிருந்தது, அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. ஆனாலும் ஒரு பெரிய கிளப், ஸ்டேடியத்தைச் சின்னதாக்கிக் கூட்டத்தைப் பெரிதாக்கியது என்பதை நம் ஊரில் கல்வெட்டு திறக்கிற யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது. நமக்குக் கணக்கு எப்போதும் "ஆசியாவிலேயே பெரியது."

அதற்காக எல்லாப் பழியையும் ஸ்டேடியத்தின் தலையிலேயே போடவும் மாட்டேன். கொச்சி கலூர் ஸ்டேடியத்தைப் பாருங்கள். கேரளா பிளாஸ்டர்ஸ் கால்பந்து அணி வந்த புதிதில் மஞ்சள் சட்டைக் கூட்டம் ஐம்பது அறுபதாயிரம். 2017இல் மெட்ரோ வந்து ஸ்டேடியத்து வாசலிலேயே ஒரு ஸ்டேஷன். ஆனால் 2018-19இல் அணி தோற்றுத் தோற்று, ரசிகர்கள் வெறுத்துப்போய், சில ஆட்டங்களுக்குச் சில ஆயிரம் பேர்தான் வந்தார்கள். மெட்ரோ இருக்கிறது, ஆள் இல்லை! ஆக, ஆட்டம் நன்றாக இல்லையென்றால் வாசலில் விமானம் இறக்கினாலும் வர மாட்டார்கள். இதற்கு நேர் எதிராக 2022 மே 2, மலப்புறம் மாவட்டம் மஞ்சேரி பையநாடு ஸ்டேடியம், மாநில அணிகள் ஆடுகிற சந்தோஷ் டிராபி கால்பந்து பைனல், கேரளாவும் வங்காளமும். ரம்ஜான் பெருநாளுக்கு முந்தின ராத்திரி. அந்தக் கூட்டத்தை நான் போனில் பார்த்தேன், ஒரு நாற்காலி மிச்சமில்லை. பெனால்டியில் கேரளா ஜெயித்தது. ஐபிஎல் இல்லை, கோலி இல்லை. மலப்புறத்துக்காரன் பந்து பார்க்கத் தன் ஊரை விட்டு வெளியே போக வேண்டியிருக்கவில்லை, அவ்வளவுதான்.

எங்கள் கடற்கரை ஊர்களும் அப்படித்தான். தூத்தூர், இரவிபுத்தன்துறை, எல்லைக்கு அந்தப் பக்கம் பொழியூர், இங்கெல்லாம் பந்தாட்டம் என்றால் வள்ளம் இறக்குவதைக்கூடத் தள்ளிப்போடுகிற ஆட்கள் உண்டு. ஐஎஸ்எல் கால்பந்து லீகில் ஆடிய மைக்கேல் சூசைராஜ் இரவிபுத்தன்துறைக்காரர். ஊர்ப் போட்டிக்கு நானே வாடகைக்கு விளக்கு கட்டிக் கொடுத்திருக்கிறேன். மணல், சுற்றிலும் கயிறு, மூங்கில் கேலரி, பெண்களும் கிழவர்களும் குழந்தைகளும் நடந்தே வந்து நடந்தே போவார்கள், பதினொரு மணிக்கு முடிந்தாலும் கவலையில்லை. ஆனால் இதையும் கொண்டாடிவிட்டுப் போக எனக்கு மனசில்லை. 2022 மார்ச்சில் மலப்புறம் பூங்கோட்டில் செவன்ஸ் (பக்கத்துக்கு ஏழு பேர் ஆடுகிற கால்பந்து) ஆட்டத்தின்போது அப்படி ஒரு தற்காலிக கேலரி சரிந்து எத்தனையோ பேருக்கு எலும்பு முறிந்தது. அதைப் பார்த்த பிறகு மூங்கில் கேலரியில் என் மகனை ஏற்றுவதில்லை. உறுதியான படிக்கட்டு வேண்டும், கழிப்பறை வேண்டும், முக்கியமாகப் பெண்களுக்கு. பழைய யுனிவர்சிட்டி ஸ்டேடியத்துக்கு என் அம்மா வராததற்கு அதுவும் ஒரு காரணம், இது எனக்கு வளர்ந்த பிறகுதான் புரிந்தது.

ஊருக்கு நடுவே வைத்தால் நெரிசல் வராதா, 2025 ஜூன் 4 பெங்களூரில் 11 பேர் செத்தார்களே என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அது மேட்ச் இல்லை, வெற்றி விழா, யாருக்கு உள்ளே இடம் என்று தெரியாமல் ஜனம் வாசலில் குவிந்தது. ஊருக்கு வெளியே கொண்டுபோய் வைத்தால் அந்த வாசல் நெரிசல் போய்விடாது. ஒரே ரோடு, ஒரே நேரத்தில் எல்லாரும் கிளம்ப வேண்டும் என்றால் அது இன்னும் மோசம். சேப்பாக்கம் பாருங்கள், கடற்கரை ஓரம், நகரத்துக்குள், பக்கத்திலேயே பறக்கும் ரயில், கொஞ்சம் தள்ளி மெட்ரோ. ஐபிஎல் டிக்கெட்டைக் காட்டினால் இலவசப் பயணம், மேட்ச் நாளில் வண்டியைக் கூடுதல் நேரம் ஓட்டுவது என்று சமீப வருடங்களில் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். அதே சேப்பாக்கத்தில் 2011 உலகக் கோப்பைக்காகக் கட்டிய மூன்று புது கேலரிகள் கட்டட விதிச் சிக்கலில் வருடக்கணக்கில் பூட்டிக் கிடந்ததும், அதனாலேயே 2019 ஐபிஎல் பைனல் ஹைதராபாத்துக்குப் போனதும் உங்களுக்கே தெரியும். கட்டத் தெரிகிறது, திறந்து வைக்கத் தெரியவில்லை.

உள்ளே நடக்கிறதைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். எந்த ஊர் ஸ்டேடியம் என்று சொல்ல வேண்டாம், பல இடத்தில் இதே கதை என்று கேள்வி. வீட்டிலிருந்து கொண்டுபோன தண்ணீர் பாட்டிலை வாசலில் வாங்கிக் குப்பையில் போட்டார்கள். பாதுகாப்பாம், சரி. என் மகளுக்கு மாத்திரை போட வேண்டும் என்றேன், உள்ளே கிடைக்கும் என்றார்கள். உள்ளே ஒரு டம்ளர் தண்ணீருக்குச் சொன்ன விலையைக் கேட்டு முதலில் தப்பாகக் கேட்டுவிட்டேன் என்று நினைத்தேன். ஒரு பொட்டலம் கடலைகூட உள்ளே விட மாட்டார்கள். அம்மா கட்டிய பொதிச்சோறு இன்றைக்கு வாசல் தாண்டாது. மழை மறைக்கிற கூரை போட்டாயிற்று, ஆனால் வந்தவனை விருந்தாளியாக நினைக்கிற பழக்கம் போய்விட்டது. வீட்டில் உட்கார்ந்தால் தண்ணீர் சும்மா, மறுஒளிபரப்பு சும்மா.

ஒண்டிப்புதூர் ஆகட்டும், மினி ஸ்டேடியம் ஆகட்டும், கட்டப்போகிறவர்களிடம் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. வரைபடத்தில் பார்க்கிங் காட்டுகிற மாதிரி பஸ் நிற்கிற இடத்தையும் காட்டுங்கள். கார் வைத்திருக்கிறவன் எப்படியும் வந்துவிடுவான், கேலரியை நிரப்புகிறவன் பஸ்ஸில் வருகிறவன்தான். மேட்ச் தேதி குறிக்கும்போது பக்கத்து மாவட்டத்தின் பண்டிகையையும் காலண்டரில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். தண்ணீர் இலவசமாக வையுங்கள்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். கிரீன்ஃபீல்டில் அடுத்த மேட்ச் வரும்போது நாகர்கோவில் பதிப்பில் டிக்கெட் விலையைப் போடுகிற கட்டத்துக்குள்ளேயே, மேட்ச் முடிந்த பிறகு பாறசாலை, குழித்துறைப் பக்கம் என்ன பஸ், என்ன ரயில் உண்டு என்பதையும் விசாரித்துப் போடுங்கள். ஒன்றும் இல்லையென்றால், இல்லை என்றே போடுங்கள். என் மச்சானிடம் காட்ட வேண்டும், இந்தத் தடவையாவது வருவானா என்று பார்க்க.

இப்படிக்கு,
ஒரு வாசகன்,
களியக்காவிளை.